மர்ளியாவின் நித்திரை

மர்ளியாவின் கையிலிருந்து சாமான் விழத் தொடங்கியது பள்ளிக்கூடம் போகிற வயதில். காலையில் தலை வாரிக்கொண்டிருப்பாள்; சீப்பு பறந்து போய் அலுமாரிக் கண்ணாடியில் அடிக்கும். கோப்பையைத் தூக்குவாள்; யாரோ முழங்கையில் தட்டிவிட்டதுபோல் தேத்தண்ணி சட்டையெல்லாம் கொட்டும். தோள் இரண்டும் சடக்கென்று ஒரு தரம் வெட்டி இழுக்கும், அவ்வளவுதான். கண் இருட்டாது, நினைவு தப்பாது. வெயில் ஏறுவதற்குள் எல்லாம் சரியாகிவிடும். அதனால் அதை ஒரு நோய், ஒரு வருத்தம் என்று வீட்டில் ஒருவரும் நினைக்கவில்லை. "கவனமில்லாத புள்ள" என்று உம்மா மர்ஷூதா ஏசுவாள். கோப்பை உடைந்த அன்றைக்கு முதுகில் ஒன்று விழும். மர்ளியாவும் தன்னைக் கவனமில்லாதவள் என்றே நம்பி வளர்ந்தாள்.

சாதாரண தரச் சோதனை நெருங்கியபோது அவள் விடிய விடியப் படித்தாள். கணிதப் பாடத்தன்று காலை, சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தவளின் கைகள் திரும்பத் திரும்ப வெட்டின. அதற்குப் பிறகு அவளுக்கு நினைவிருப்பது ஆஸ்பத்திரியின் கூரையும், கடிபட்ட நாக்கில் இரத்த ருசியும்தான். வலிப்பு என்றார்கள். எப்படி விழுந்தாள், எவ்வளவு நேரம் துடித்தாள், நுரை வந்ததா என்றெல்லாம் வாப்பா இஸ்ஸதீனிடம் கேட்டார்கள். காலையில் கோப்பை விழுவதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அதைச் சொல்ல வேண்டும் என்று இவர்களுக்கும் தெரியவில்லை. கொடுத்த மாத்திரையை அவள் ஒழுங்காகக் குடித்தாள். குடிக்கக் குடிக்கக் கைவெட்டு கூடியது. சொன்னால் வருத்தம் முற்றிவிட்டது என்பார்களே என்று பயந்து அதை மறைத்தாள். காலைச் சாப்பாட்டைத் தொடப் பயந்து பகல் வரை பட்டினி கிடந்தாள். மேலே படிக்கிற யோசனை அதோடு நின்றது.

அப்படியே சில வருஷங்கள் போன பிறகு, வாப்பா மாம்புரியில் வெங்காயத் தோட்டத்தை ஒருவர் பொறுப்பில் விட்டுவிட்டு அவளையும் உம்மாவையும் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே பார்த்த டொக்டர் ஒரு பெண். யாழ்ப்பாணத்துத் தமிழில் கதைத்தார். முன்னைய மருந்துத் துண்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார்.

"காலமை எழும்பின கையோட உமக்குக் கை வெட்டி இழுக்கிறதோ? கோப்பை ஏதும் கையால விழுறதோ?"

மர்ளியா உம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மர்ளியாவுக்கு அழுகைதான் வந்தது. இத்தனை காலமும் அடியும் ஏச்சும் வாங்கியது ஒரு வருத்தத்துக்காக என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

டொக்டர் மாத்திரையை மாற்றினார். இந்த வகை வலிப்புக்கு முந்திய மருந்து ஒத்துவராது, அதுதான் வெட்டைக் கூட்டிவிட்டது என்றார். பிறகு இஸ்ஸதீனைப் பார்த்துச் சொன்னார்: "மருந்து மட்டும் காணாது, ஐயா. இவவுக்கு நித்திரை முறிஞ்சால் அடுத்த நாள் காலமை வெட்டு வரும். வெட்டு அடுக்கடுக்கா வந்தால் பின்னால வலிப்பு வரும். இவவை நித்திரை கொள்ள விடுங்கோ. அவசரப்பட்டு எழுப்ப வேண்டாம்."

அதற்குப் பிறகு மர்ளியா தன் உடம்பைத் தானே படித்துக்கொண்டாள். கல்யாண வீட்டில் கண் விழித்தால் மறுநாள் கை தன்னுடையது இல்லை. காலைப் பஸ்ஸில் புத்தளம் போகும்போது, வரிசையாய் நிற்கிற தென்னைகளுக்கு இடையால் சூரியன் பளிச் பளிச்சென்று அடித்தால் தோள் வெட்டும். ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டால் அடங்கும். பின்னேரங்களில் ஒன்றும் வராது. பின்னேரத்தில் அவள் கிணற்றில் தண்ணீர் அள்ளுவாள், மீன் வெட்டுவாள், சட்டை தைப்பாள். வலிப்பில் ஒரு தரமும் விழாமல் இரண்டு நோன்புப் பெருநாள் போனது. அப்போதுதான் கண்டக்குழியிலிருந்து றுமைஸுக்குப் பெண் கேட்டு வந்தார்கள்.

இஸ்ஸதீன் ஒன்றையும் மறைக்கவில்லை. வருத்தத்தின் பெயரைச் சொன்னார், மாத்திரையைக் காட்டினார், நித்திரையைப் பற்றியும் சொன்னார். றுமைஸின் உம்மா நஃபீஸா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அவரை அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டுச் சிரித்தாள்.

"நித்திரைதானே காக்கா? அதுக்கென்ன, கொள்ளட்டும். நித்திரைக்கு யாரும் வரி கட்டுறதா?"

மர்ளியா கதவுக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டாள். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடித்திருந்தது. றுமைஸையும் பிடித்திருந்தது. நாட்டில் சண்டை முடிந்த பிறகு கண்டக்குழிக் கடலில் பட்டம் கட்டி அலைமேல் ஓட வருகிற வெள்ளைக்காரர்களுக்காக எழும்பிய விடுதிகளில் ஒன்றில் அவன் சமையல் வேலை பார்த்தான். மெல்லக் கதைப்பான். "எனக்கு இதெல்லாம் பெரிய விசயம் இல்ல" என்று அவன் சொல்லியனுப்பியிருந்தான்.

மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதுதான் பேச்சு. ஆனால் மாம்புரியில் அவளுக்காக வாப்பா கட்டிய வீட்டுக்கு இன்னும் கூரை போட்டு முடியவில்லை. அது முடியும் வரைக்கும் என்று, கல்யாணம் முடிந்து மர்ளியா கண்டக்குழிக்குப் போனாள்.

நஃபீஸாவின் வீடு இடியப்பத்தால் எழும்பிய வீடு. புருஷன் கடலோடு போன பிறகு, இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்தே பிள்ளைகளை ஆளாக்கினாள். இப்போது விடுதிகளும் கேட்டன. விடியற்காலைச் சுபஹுப் பாங்குக்கு முந்தியே அடுப்பு எரியும். முதல் கிழமை ஏழு நாளும் மர்ளியாவை ஒருவரும் எழுப்பவில்லை. அடுத்த கிழமை, இடியப்பம் வாங்க வருகிறவர்கள் "மருமகள் எங்க?" என்று கேட்டார்கள். "நித்திரை" என்று நஃபீஸா சொன்னாள். அவள் அதைச் சொல்லுகிற தொனி ஒவ்வொரு நாளும் கொஞ்சம் மாறுவதை மர்ளியா படுக்கையில் கிடந்தபடி கேட்டாள். அதற்கு மேல் அவளுக்குப் படுத்திருக்க முடியவில்லை. ஒரு நாள் தானாகவே எழும்பிப் போய் மா பிசைந்தாள். நஃபீஸா தட்டுகளை அவள் பக்கம் தள்ளிவைத்தாள். அன்றையிலிருந்து அது அவளுடைய வேலை ஆனது.

வெட்டு திரும்பி வந்தது. இடியப்ப உரல் கையிலிருந்து தெறித்துச் சுவரில் அடித்தது. கொதிதண்ணிப் பானையை மட்டும் அவள் தொடுவதில்லை. றுமைஸிடம் சொன்னாள்.

"நான் எழும்பக்கூடாது எண்டு டொக்டர் சொன்னது உங்களுக்குத் தெரியும்தானே. மாமிட்ட ஒருக்காச் சொல்லுங்களன்."

"உம்மாட்ட நான் எப்பிடிச் சொல்ற, மர்ளியா? அவவும் எழும்பித்தானே இரிக்கா. கொஞ்ச நாள் பொறு. வீட்டு வேல முடிஞ்சா நாம போயிருவம்."

பிறகு அவளே நஃபீஸாவிடம் சொன்னாள். நஃபீஸா மா படிந்த கையோடு அவளை நிமிர்ந்து பார்த்தாள். கோபத்தைக் காட்டிலும் களைப்புத்தான் அந்த முகத்தில் தெரிந்தது.

"நான் எண்டைக்குப் புள்ள நித்திரை கொண்டன்? அவன்ட வாப்பா மவுத்தான நாளிலயிருந்து இந்த அடுப்புக்கு முன்னாலதான் எனக்கு விடியிற. என்னட்ட யாரும் நித்திரையப் பத்திக் கேட்டதா?"

மர்ளியா உரலை எடுத்து மா நிரப்பினாள். மாமி சொன்னதில் பொய் இல்லை.

அவள் வயிற்றில் பிள்ளை தங்கியதும் மறுபடி கொழும்புக்குப் போனார்கள். பிள்ளைக்குக் கெடுதி வராதபடி டொக்டர் மருந்தை மாற்றினார். றுமைஸைப் பக்கத்தில் இருத்தி, பிள்ளை பிறந்த பிறகு எப்படி இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்: காலையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்கக் கூடாது, பாய் விரித்துத் தரையில் வைத்தே உடுப்பு மாற்ற வேண்டும், தனியாகக் குளிப்பாட்டக் கூடாது, இரவில் ஒரு தரமாவது வேறு யாராவது போத்தல் பால் கொடுத்து அவளை நித்திரை கொள்ள விட வேண்டும். றுமைஸ் எல்லாவற்றுக்கும் "ஓம் டொக்டர்" என்றான்.

பெண் பிள்ளை பிறந்தது. ஸிம்றா என்று பேர் வைத்தார்கள். நஃபீஸா பேத்தியைக் கீழே விடாமல் வைத்துக்கொண்டாள், பகலில். இரவில் பிள்ளை மர்ளியாவுக்கு. பிள்ளையின் அழுகை நித்திரையைக் கெடுக்கிறது என்று றுமைஸ் முன் அறையில் போய்ப் படுத்தான். வேலைக்குப் போகிறவன் நித்திரை கொள்ள வேண்டும் என்பதில் வீட்டில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. போத்தலைப் பற்றி எடுத்தபோது நஃபீஸா, "பாலிரிக்கிற உம்மா இரிக்கயில போத்தலா?" என்றாள். அதோடு அந்தக் கதை முடிந்தது.

பிள்ளை கவிழத் தொடங்கிய நாட்களில் நோன்பு வந்தது. மர்ளியாவுக்கு நோன்பு இல்லை. வருத்தக்காரி, பால் கொடுக்கிறவள், இரண்டு வகையிலும் மார்க்கம் அவளை நோன்பிலிருந்து விட்டிருந்தது. ஆனால் மற்றவர்களுக்கு விடியுமுன் ஸஹர்ச் சாப்பாடு சமைக்க ஆள் வேண்டுமே.

"நோம்பு உனக்கு விட்டாச்சு புள்ள" என்றாள் நஃபீஸா. "எழும்பிச் சோறு வைக்கிறதையுமா அல்லாஹ் விட்டிரிக்கான்?"

பிள்ளைக்கு எழும்பி, ஸஹருக்கு எழும்பி, இடியப்பத்துக்கு எழும்பி, அந்த மாதம் மர்ளியாவுக்கு நித்திரை என்பது கிழிந்த சீலைத் துண்டுகள்போல் வந்து போனது. காலைகளில் அவள் கைகளை மடியில் அழுத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்திருப்பாள். பிள்ளை பக்கத்தில் பாயில் கிடக்கும். அழுதால் குனிந்து முகத்தைக் காட்டுவாள், பாட்டுப் படிப்பாள், தூக்கமாட்டாள். படுத்துக்கொண்டே பால் கொடுப்பாள். அந்த ஒரு கட்டுப்பாட்டை அவள் எதற்காகவும் விடவில்லை, ரஸாக் ஹாஜியார் வந்த நாள் வரைக்கும்.

ஹாஜியார் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கிறவர், றுமைஸின் வாப்பாவுக்குச் சொந்தம். மக்காவுக்கு உம்றா போய்விட்டு வந்தவர், பிள்ளைக்கு ஒரு சட்டையும் கொண்டு காலையிலேயே மனைவியோடு வந்திருந்தார். முன் விறாந்தையில் கதிரை போட்டு இருத்திவிட்டு நஃபீஸா உள்ளே கூப்பிட்டாள்.

"மர்ளியா, புள்ளயக் கொண்டு வா."

"மாமி, நீங்க வந்து தூக்குங்களன்."

"என்ட கையெல்லாம் மா. கொண்டு வா புள்ள, பாத்துட்டுப் போகட்டும்."

"கொஞ்சம் பொறுங்க மாமி. இப்ப ஏலாது."

 பிறகு நஃபீஸாவின் குரல், வந்தவர்களுக்காகச் சிரித்துக்கொண்டு, அவளுக்காகக் கூர்மையாக: "பெத்த புள்ளயத் தூக்கப் பயப்படுற உம்மாவ இப்பதான் காணுறன், ஹாஜியார்."

மர்ளியா பிள்ளையைத் தூக்கினாள். நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சுவரோரமாக, மெல்ல மெல்ல நடந்தாள். வாசல்படி வரைக்கும் ஒன்றும் நடக்கவில்லை. வெளியே தென்னோலைகள் காற்றில் ஆட, அவற்றின் இடையால் வெயில் அவள் முகத்தில் துடித்தது. கண்ணை மூடக் கை இல்லை. இரண்டு தோளும் வெட்டின. கைகள் முன்னால் விசிறிப் போயின.

பிள்ளை படியில் விழுந்து மண்ணில் உருண்டது. அது அழத் தொடங்குவதற்கு எடுத்த அந்தக் கொஞ்ச நேரம் மர்ளியாவின் உயிரில் பாதியைக் கொண்டு போனது.

பிள்ளையின் தோள் பட்டையின் முன் எலும்பு வெடித்திருந்தது. தலைக்கு ஒன்றுமில்லை, சின்னப் பிள்ளை, எலும்பு கெதியாகப் பொருந்திவிடும் என்றார்கள் ஆஸ்பத்திரியில். பொருந்தியும் விட்டது. ஆனால் ஹாஜியாரின் மனைவி ஊருக்குள் கொண்டுபோன சொல் பொருந்தவில்லை. "தூக்கி வீசினா. என்ட கண்ணால கண்டன். கோவத்துல வீசினா." விழுத்தினாள் என்று ஒருவரும் சொல்லவில்லை. கைவெட்டைப் பார்த்தறியாத கண்ணுக்கு அது வீசுவதுபோல்தான் இருக்கும். அதை மர்ளியாவாலும் மறுக்க முடியவில்லை.

றுமைஸ் ஆஸ்பத்திரி வாசலில் அவளிடம் சொன்னான்: "நீ வீசல்ல எண்டு எனக்குத் தெரியும்."

"அப்ப அதச் சொல்லுங்களன்."

"யாருட்டச் சொல்ற? எத்தின பேருட்டச் சொல்ற?" அவன் தரையைப் பார்த்தான். "நீ கொஞ்ச நாள் மாம்புரிக்குப் போ. நல்லா நித்திரை கொள்ளு. சுகமாகிட்டு வா. புள்ள உம்மாட்ட இரிக்கட்டும்."

இப்படியாக அவளுக்கு நித்திரை கிடைத்தது. உம்மா அறைக் கதவைச் சாத்தி வைத்தாள். வாப்பா சேவலைக்கூட அயல் வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். முதல் நாட்களில் பால் கட்டி மார் கல்லானது. பிறகு அது வற்றியது. வெட்டு ஒவ்வொன்றாகக் குறைந்து நின்றது. காலையில் அவள் நிறையத் தேத்தண்ணி ஊற்றிய கோப்பையை ஒரு சொட்டுச் சிந்தாமல் தூக்கினாள். அதை உடனே நஃபீஸாவிடம் சொல்ல வாப்பாவோடு கண்டக்குழிக்குப் போனாள்.

"இப்ப எனக்கு ஒண்டும் இல்ல மாமி. நல்ல சுகம்."

"அங்க ஒண்டும் இல்ல" என்றாள் நஃபீஸா. "இங்க வந்தா?"

இஸ்ஸதீன் முன்னுக்கு வந்தார். "கூரை போட்டு முடிஞ்சி. பேசினபடி மகன் அங்க வரட்டும், புள்ளயக் கொண்டு. காலையில புள்ளயத் தூக்க எங்கட மர்ஷூதா இரிக்கா."

றுமைஸ் உம்மாவைப் பார்த்தான். விடுதி வேலையை விட்டுவிட்டு வர ஏலாது என்றான். மாம்புரியிலிருந்து தினமும் வேலைக்குப் போகிறவர்கள் எத்தனையோ பேர் என்று இஸ்ஸதீன் சொன்னதற்கு அவன் மறுபடி உம்மாவைப் பார்த்தான். பிள்ளையை வீசியவளோடு என்ன பேச்சு என்று வீட்டுக்குள்ளிருந்து யாரோ சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

இஸ்ஸதீன் பள்ளிவாசல் நிர்வாகத்தில் முறையிட்டார். கண்ணால் கண்ட சாட்சி ரஸாக் ஹாஜியாரின் வீட்டார் என்பதால் அங்கேயும் கதை அசையவில்லை. அப்போதுதான் மர்ளியா அந்த முடிவை எடுத்தாள். ஹாஜியாரையும் நஃபீஸாவையும் றுமைஸையும் ஒரு நாள் காலையில் மாம்புரிக்கு வரச் சொல்லும்படி வாப்பாவிடம் கேட்டாள். என்னத்துக்கு என்று கேட்டவருக்கு, "காட்டத்தான்" என்றாள்.

இத்தனை வருஷமாக எதிலிருந்து தப்பி ஓடினாளோ அதை அவள் தானே கூப்பிட்டாள். அவர்கள் வருவதற்கு முந்திய இரவு கண் மூடவில்லை. உம்மா கையைப் பிடித்து அழுதாள், "வேணாம் மகள், விழுந்திருவாய்" என்றாள். மர்ளியா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள்.

அவர்கள் வந்தபோது அவள் முன் அறையில் பாயில் உட்கார்ந்திருந்தாள். ஒரு தலையணையைப் பிள்ளையின் துண்டால் சுற்றி நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

"ஹாஜியார், நான் இதப் பிடிச்சிட்டு இரிக்கன். என்ட முழுப் பலத்தோட பிடிச்சிட்டு இரிக்கன். பாத்துட்டிருங்க."

 ஹாஜியாருக்குச் சங்கடமாக இருந்தது. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். அவள் விரல்கள் வெளுக்கிற அளவுக்குத் தலையணையை இறுக்கிக் கொண்டிருந்தாள். தோள் வெட்டியது. தலையணை அவர்களின் கால்களுக்கு முன்னால் போய் விழுந்தது. றுமைஸ் எடுத்துக் கொடுத்தான். மறுபடி அணைத்தாள், மறுபடி பறந்தது. நஃபீஸா வாயில் கை வைத்தாள்.

ஹாஜியாரின் கண் கலங்கியது. "யா அல்லாஹ். நாங்க சொன்னது பிழை. இந்தப் புள்ள வீசல்ல. மகள், எங்கள மன்னிச்சிரு."

அந்தச் சொல் அவள் காதில் விழுந்தது. அதை வாழ்நாளெல்லாம் வைத்திருக்கலாம் என்பதுபோல் அவள் முகம் ஒரு கணம் விரிந்தது. உடனே வெட்டு மேல் வெட்டாக வந்து, வலிப்பு அவளைப் பாயில் தள்ளியது.

கண் விழித்தபோது வீட்டில் உம்மாவும் வாப்பாவும் மட்டும் இருந்தார்கள். நாக்கு கடிபட்டு வீங்கியிருந்தது.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள்.

உம்மா அவளுடைய தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். வாப்பாதான் சொன்னார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"உன்னில குத்தம் இல்லயாம். ஊருல யாரும் இனி அப்பிடிச் சொல்லாம ஹாஜியார் பாத்துக்கிறாராம்." கையால் முகத்தைத் துடைத்தார். "ஆனா இந்தக் கையில புள்ளயக் குடுக்கேலாதாம். இப்ப கண்ணால கண்டிட்டாங்களாம்."

பின்னேரங்களில் போய்ப் பார்க்கலாம் என்று தீர்மானமானது. மர்ளியா பகல் சாப்பாடு முடிந்த பிறகு பஸ் ஏறுவாள். ஊரில் அவளை வீசினவள் என்று இப்போது ஒருவரும் சொல்வதில்லை, "பாவம்" என்கிறார்கள். றுமைஸ் அந்த நேரத்தில் வேலையில் இருப்பான். வீட்டில் இருக்கிற நாளிலும் கிணற்றடிப் பக்கம் போய்விடுவான். ஸிம்றா தவழ்ந்து, எழும்பி, நடக்கவும் தொடங்கினாள். நஃபீஸாவை "உம்மா" என்று கூப்பிட்டாள். நஃபீஸா திருத்தத்தான் பார்த்தாள், பிள்ளை கேட்கவில்லை. மர்ளியா பிள்ளையை மடியில் வைத்திருக்கும்போது நஃபீஸா கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து அரிதட்டில் மா அரிப்பாள்.

ஒரு நாள் அப்படி அரித்துக்கொண்டிருந்தவள், சுவரில் சாய்ந்தபடியே நித்திரையாகிவிட்டாள். அரிதட்டு மடியில் சரிந்து கிடந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. மர்ளியா அவளை எழுப்பவில்லை. ஸிம்றாவைத் தூக்கினாள். அறைக்குள் நடந்தாள், வாசல் வரைக்கும் நடந்தாள், திரும்பி வந்தாள். கைகள் கல்லுப்போல் நின்றன. பிள்ளை அவளுடைய தோட்டைப் பிடித்து இழுத்துச் சிரித்தது.

நஃபீஸா திடுக்கிட்டு எழும்பினாள். மா கொட்டியதையும் பார்க்காமல் ஓடி வந்து பிள்ளையைப் பறித்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். பிறகுதான் மர்ளியாவின் முகத்தைப் பார்த்தாள்.

"பின்னேரத்துல எனக்கு வெட்டு வராது மாமி" என்றாள் மர்ளியா. "உங்களுக்குக் களைப்பு. கொஞ்சம் படுங்க. நான் வச்சிரிக்கன்."

"தெரியும் புள்ள, வராது எண்டு" என்றாள் நஃபீஸா. பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். கொடுக்கவில்லை.

மர்ளியா கீழே குந்தி, கொட்டிய மாவை இரண்டு கையாலும் அள்ளி அரிதட்டில் போட்டாள். பின்னேர அஸர்ப் பாங்கு சொன்னது. மாம்புரி போகிற பஸ் வருகிற நேரம்.